இதயம் போடுகிறவள்

“‘போ’ன்னு உன்னை யாராச்சும் சொன்னாங்களாம்மா?”

வக்கீல் அறிவுச்செல்வி இப்படிக் கேட்டபோது தனப்பிரியாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அதுவரை எல்லோரும் அவளிடம் கேட்டது ‘ஏன்’ என்ற ஒன்றைத்தான். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பா கேட்டார். டாக்டர் கேட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழங்களைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்கள். பெரியம்மா காதோரம் குனிந்து, யாராவது பையனா என்று கேட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ‘வயிற்று வலி’ என்று எழுதிக்கொண்டு போனார். ஊருக்கும் அந்த வயிற்று வலியே போதுமானதாக இருந்தது. ஏன் என்பதற்கு அவளிடம் உண்மையாகவே பதில் இல்லை. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறுகிறதே, எந்தப் பக்கமிருந்து ஏறியது என்று சுவருக்கா தெரியும்? ஆனால் போகச் சொன்னது ‘யார்’ என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியும்.

வக்கீலின் அலுவலகம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெடி படியேறி மேலே வந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தும்மினார்கள். “இந்த ரூமுல ஒரு வசதி இருக்குது,” என்று வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இங்க வந்து அழுவறவங்க எல்லாரும் மிளகாய் மேல பழியைப் போட்டுக்கலாம்.” மாதம் ஒருமுறை தனப்பிரியா போய்ப் பேசிவிட்டு வரும் ஆஸ்பத்திரி ஆலோசகர்தான், உனக்கு விருப்பம் இருந்தால் மட்டும் போ என்று சொல்லி அவளை இங்கே அனுப்பியிருந்தார். அம்மா சௌந்திரம் கீழே மல்லி விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மூணு பேருங்க,” என்றாள் தனப்பிரியா. “ரெண்டு பேரு எழுதுனாங்க. ஒருத்தரு ஆர்ட்டு போட்டாங்க.”

“ஆர்ட்டா?”

“செவப்பு ஆர்ட்டுங்க. கடைக்காரங்களே போட்டாங்க.”

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், வகுப்புக்கு முன்னால் நின்று தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லச் சொன்னார்கள். எழுந்து போய் நின்றாள். பெயர் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. யாரும் பெரிதாகச் சிரிக்கக்கூட இல்லை. ஆனால் மறுநாள் காலையில் சீருடையை இஸ்திரி போடும்போது கை பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிப்பண்ணையில் அப்போது ஆள் பற்றாக்குறை. அதனால் அவளை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடவில்லை. காலையில் முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவாள். மதியத்துக்கு மேல் வேலை இருக்காது. தீவன மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து செல்போனில் இளம்பிள்ளைச் சேலைக்கடைகளின் நேரலையைப் பார்ப்பாள். யுவஸ்ரீ என்ற பெண் ஒவ்வொரு சேலையாகத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே, வருகிறவர்களின் பெயரைப் படிப்பாள். “வாங்க வாங்க, நாமக்கல் தனா அக்கா வந்திருக்காங்க, வணக்கம்க்கா, சாப்டீங்களா?” ஷெட்டு முழுவதும் கோழிகள் கத்திக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒருத்தி தன் பெயரைச் சந்தோஷமாகச் சொல்வதைக் கேட்பதற்காக அவள் தினமும் அங்கே போனாள். ஒரு சேலைகூட வாங்கியதில்லை. அவள் தாவணிகூடக் கட்டியதில்லை என்பது யுவஸ்ரீக்குத் தெரிய நியாயமில்லை.

ஆடித் தள்ளுபடி நடந்த நாள் அது. கூட்டம் அதிகம். யுவஸ்ரீக்குப் பெயர் படிக்க நேரமில்லை. அன்றைக்குத்தான் தனப்பிரியா, ‘எனக்கு இருக்கவே புடிக்கல. போயிரலாம்னு இருக்கேன்’ என்று எழுதினாள். ஏன் அங்கே எழுதினாள் என்று கேட்டால், வேறு எங்கே எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ரோஜாப்பூப் படம் வைத்த ஒருவர், போகிறவர்கள் சொல்லிக்கொண்டா போவார்கள், எல்லாம் நடிப்பு என்று எழுதினார். சினிமா நடிகர் படம் வைத்த இன்னொருவர், சீக்கிரம் போனால் ஆர்டர் போடுகிறவர்களுக்கு வழி கிடைக்கும் என்று எழுதிச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டார். அவை மேலே நகர்ந்து போயின. அதன்பிறகு அவள் எழுதியதற்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் கடையின் பெயர் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீல் சொன்னார். “இப்ப இருக்கற சட்டம் பெரும்பாலும் ஆள் போனதுக்கப்பறந்தான் முழிச்சுக்கும். போகச் சொன்னவனைப் பிடிக்கறதுக்கு ஒருத்தர் போயிருக்கணும். அதுவும் எவனோ முகம் தெரியாதவன் போன்ல எழுதுனதுன்னா நிரூபிக்கவே முடியாது. அதான் நாங்க நாலஞ்சு வக்கீலுங்க சேர்ந்து, இதுக்குன்னு தனியா ஒரு சட்டம் வேணும்னு வரைவு எழுதி எம்.பி. கையில குடுக்கப் போறோம். வார்த்தையால, படத்தால, குறியால, எதுனாலயும் இணையத்துல ஒருத்தரை அந்தப் பக்கம் தள்ளுனா குத்தம். தள்ளுனதே குத்தம். விழுந்தாங்களா இல்லையாங்கறது அப்பறம்.” மூடி வைத்த பேனாவை எடுத்தார். “குறியாலங்கறதுக்கு எங்ககிட்ட உதாரணமே இல்லாம இருந்துச்சு. நீ சொல்றது அதுதான்.”

“மத்த ரெண்டு பேருங்க?”

“ரோசாப்பூ ஐடியைக் கலைச்சுட்டுப் போயாச்சு, பாத்தேன். அந்த நடிகர் படத்தை வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள லட்சம் பேரு சுத்தறான். இந்த ஆர்ட்டுக்குத்தான் போர்டு இருக்குது, கதவு நம்பர் இருக்குது.” வக்கீல் குரலைத் தாழ்த்தினார். “வெளிய பெஞ்சுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, பாத்தியா? வாழப்பாடிக்காரங்க. அவங்க பையனை ஒரு குரூப்புல இருந்தவங்க பேசிப் பேசியே அனுப்பி வெச்சுட்டாங்க. வாரா வாரம் வந்து, சட்டம் வந்துருச்சுங்களான்னு கேப்பாங்க. ஏதோ கரண்டு பில் வந்துருச்சான்னு கேக்கற மாதிரி. நான் இன்னும் இல்லீங்கம்மான்னு சொல்லுவேன்.”

தனப்பிரியா வெளியே பார்த்தாள். அந்த அம்மா மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரைவு திங்கக்கிழமை கைமாறுது. நீ சரின்னா, உன் பேரு இல்லாம, கடை பேரோட சேர்த்துக்கறேன். சைபர் கிரைம்ல புகாரும் குடுத்துடலாம். வேண்டாம்னா வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். சனிக்கிழமை நானே கூப்பிடறேன்.”

“அதை யாரு போட்டாங்கன்னு தெரிஞ்சுக்க முடியுங்களா?”

“கடைதான் போட்டுது.”

“கடைக்குக் கை இல்லீங்களே,” என்றாள் தனப்பிரியா.

வக்கீல் அவளைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறதா என்பது போன்ற ஒரு சிரிப்பு வந்து போனது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்து முழுக்க அவள் அந்தக் கையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. தவறி விழுந்தவர்கள், எழுந்து மண்ணைத் தட்டிவிட்ட பிறகு, எந்தக் கல் தடுக்கியது என்று திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு ஆவல். அது ஆணின் கையா, பெண்ணின் கையா? மோதிரம் போட்டிருக்குமா? படித்துப் பார்த்துவிட்டு, சரி போ என்று ஒரு நல்ல மனசோடு போட்டதா? இல்லை, ரோஜாப்பூவும் நடிகரும் சிரித்ததைப் பார்த்து அதுவும் சேர்ந்து சிரித்ததா? பல மாதங்களுக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அப்படி இருப்பதே புதிதாக இருந்தது.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு இளம்பிள்ளைக்குக் கிளம்பினாள். அத்தைக்குக் கல்யாணச் சீருக்கு ஒரு சேலை எடுக்க வேண்டியிருந்தது, அது நல்லதாகப் போயிற்று. எங்கே போகலாம் என்று மகள் சொன்னாலும் சௌந்திரம் இப்போதெல்லாம் சரி என்றுதான் சொல்கிறாள். முன்பெல்லாம் அவள் வாய்க்குப் பயந்து கோழிகளே கூண்டில் ஒதுங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு சுடுசொல் கிடையாது. போன வாரம் தனப்பிரியா கை தவறி ஒரு அட்டை முட்டையைக் கீழே போட்டு உடைத்தபோது, “போவுது உடு சாமி, கோழி மறுக்கா போடும்,” என்று சொல்லிவிட்டுத் தானே குனிந்து துடைத்தாள். உடைந்த முட்டைகளைவிட அந்த வார்த்தைதான் தனப்பிரியாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பேருந்தில் ஜன்னல் இருக்கையையும் அம்மா அவளுக்கே விட்டுக்கொடுத்தாள். வாந்தி வரும், எனக்குத்தான் ஜன்னல் என்று சண்டை போடும் அம்மா, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்து அடக்கிக்கொண்டு நடு இருக்கையில் உட்கார்ந்து வந்தாள்.

கடை அவள் நினைத்ததைவிடச் சின்னது. கீழே விற்பனை, மேலே நேரலை. முதலாளி அன்பரசு வெள்ளைச் சட்டையில் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். சௌந்திரம் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுமே பழைய சௌந்திரமாகிவிட்டாள். இது பட்டா, பட்டு மாதிரியா, மாதிரின்னா எத்தனை துவைக்குத் தாங்கும் என்று ஆரம்பித்தாள்.

“மேல லைவ் ஓடுதான்னு கேளும்மா,” என்று தனப்பிரியா மெதுவாக அம்மாவிடம் சொன்னாள். அன்பரசுவுக்கே கேட்டுவிட்டது.

“ஓடுதுங்க. போய்ப் பாரு அம்மிணி. சத்தம் மட்டும் போடக் கூடாது.”

“சத்தமா? இவளா?” என்றாள் சௌந்திரம். “நீங்க அந்தச் சீலையைச் சும்மா குடுத்தாக்கூட இவ வாயத் தொறக்க மாட்டாளுங்க.”

மாடியில் ஜன்னல்களை ஒட்டிச் சேலைக் கட்டுகள். நடுவில் வட்ட விளக்குகளின் வெளிச்சத்தில் யுவஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். செல்போனில் பார்த்ததைவிடக் குள்ளம். நைட்டிக்கு மேலேயே சேலையைச் சுற்றி முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. சேலை பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்ததால் கழுத்து வேர்த்து வழிந்தது. ஒரு சேலைக்கும் அடுத்த சேலைக்கும் நடுவில், கேமராவுக்குத் தெரியாமல் துண்டால் ஒற்றிக்கொண்டாள். தனப்பிரியாவின் பெயரைச் சொன்ன வாய் அதுதான். ஆனால் தனப்பிரியா அவளை அதிக நேரம் பார்க்கவில்லை. விளக்குகளுக்குப் பின்னால், இருட்டான மூலையில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் செல்போன்களை ரப்பர் பேண்டு போட்டுச் சாய்த்து நிறுத்தியிருந்தது. அவள் கட்டைவிரல் ஒரு செல்போனில் விழுந்து எழுந்துகொண்டே இருந்தது. விழுந்த இடத்திலெல்லாம் சிவப்பு.

“உக்காருங்க அம்மிணி,” என்று அவள் கிசுகிசுத்தாள். “எந்த ஊருங்க?”

“நாமக்கல் பக்கமுங்க.”

“முட்டை கொண்டாந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தானே சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க. பொழுதினிக்கும் வாய மூடிட்டு உக்கோந்திருக்கறது. ஆளு கெடைச்சா உடறதில்ல. எனக்குத் தாரமங்கலமுங்க. கட்டிக் குடுத்தது இந்த ஊரு. எங்க மாமியா இருக்குதே, அது கொரங்கு பொம்மைக்குச் சாவி குடுத்த மாதிரி காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் ஓயாது. அதுக்கு இந்த மூலை எவ்வளவோ தேவலை.”

விரல் நிற்கவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மோதிரம் இல்லை. நகத்தில் பூசியிருந்த ஊதாச் சாயம் பாதி உரிந்திருந்தது. இடது கை முழங்காலில் சும்மா கிடந்தது. அவ்வப்போது அதுமட்டும் எழுந்து ஏதாவது ஒரு கருத்தைத் தொட்டுப் பக்கத்துச் செல்போனுக்கு அனுப்பியது.

“எல்லாத்துக்குமா ஆர்ட்டு போடுவீங்க?” என்று தனப்பிரியா கேட்டாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

“பின்னே? ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா வந்ததும் ஒரு சொம்புத் தண்ணி குடுக்கறமுங்களே. நல்லவியளா கெட்டவியளா, வேண்டியவியளா வேண்டாதவியளான்னு பாத்தா குடுக்கறம்? அது மாதிரின்னு எங்க ஓனரு சொல்லுவாருங்க. வாய் தொறந்து ஒண்ணு சொன்னாங்கன்னா ஒரு ஆர்ட்டு. போடலீன்னு வைங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடுத்த லைவுக்குப் போயிருவாங்க. இந்தத் தெருவுலயே எத்தனை லைவு ஓடுது.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு பாப்பீங்களா?”

“நம்பர் இருக்குதான்னு பாப்பேன். சீலை நம்பர் போட்டிருந்தா ஆர்டரு, அதை இந்தக் கை அனுப்பிரும். நம்பர் இல்லீன்னா ஆர்ட்டு மட்டும். படிக்கறதுக்கு நேரமேதுங்க? படிச்சா கை நின்னுரும்.”

தனப்பிரியா தன் செல்போனை எடுத்தாள். இதே நேரலைக்குள் போய் ‘வணக்கம்’ என்று எழுதினாள். ஒரு முழம் தள்ளி விரல் விழுந்தது. அவள் கையிலிருந்த செல்போனில் இதயம் வந்தது. இத்தனை தூரம் ஒளிந்திருந்த ஒன்று இவ்வளவு பக்கத்தில் நடப்பதை அவள் கண் இமைக்காமல் பார்த்தாள். ‘எங்க ஊட்டுக் கோழி இன்னிக்கு முட்டை போடல’ என்று எழுதினாள். விரல் விழுந்தது, இதயம் வந்தது. ‘எனக்குப் பல்லு வலிக்குது’ என்று எழுதினாள். இதயம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் எதையும் கவனிக்காமல், மாமியார் ரேஷன் கடையில் போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். தெரிந்துவிட்டது. இப்படியே எழுந்து போய்விடலாம். ஆனால் தெரிந்துகொண்டதில் பாதி இன்னும் மீதி இருப்பது போல இருந்தது. கைக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது, அந்த முகத்துக்கு எதுவும் தெரியாது.

“ஆடித் தள்ளுபடி அன்னிக்கும் நீங்கதான் உக்காந்திருந்தீங்களா?”

“நானேதான். அன்னிக்கு வெரலு வீங்கிப் போச்சு. ஐஸ் வெச்சேன்.”

“அன்னிக்கு நான் ஒண்ணு எழுதுனங்க. அதுக்கும் போட்டீங்க.”

“போட்டிருப்பேன். என்ன எழுதுனீங்க?”

தனப்பிரியா சொன்னாள். எழுதியிருந்ததை, எழுதியிருந்தபடியே சொன்னாள். வாய்விட்டு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை. ஆலோசகரிடமும் வக்கீலிடமும்கூடச் செல்போனைக் காட்டித்தான் இருக்கிறாள்.

விரல் நின்றது.

“அப்பறம்?” என்றாள் அந்தப் பெண்.

“அப்பறம் ஆஸ்பத்திரிங்க.”

செல்போன் திரையில் கருத்துகள் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின் கீழும் சிவப்பு இல்லை. அந்தப் பெண் தனப்பிரியாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். ஏதாவது குறைந்திருக்கிறதா என்று தேடுவது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு, தனப்பிரியா எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

“அதைப் பாத்தப்ப உங்களுக்கு என்னங்க தோணுச்சு?”

வக்கீல்கூட இதைக் கேட்கவில்லை. வக்கீலுக்கு அது தெரிந்த விஷயமாகவே இருந்தது. தனப்பிரியா யோசித்துப் பார்த்தாள். ரோஜாப்பூ எழுதியது வலித்தது. நடிகர் படம் எழுதியது வலிக்கக்கூட இல்லை, அதற்குள் மரத்துவிட்டது. அந்த இதயம் வந்தபோது என்ன நடந்தது? முதலில் ஒரு நொடி, ஒரு நொடிதான், உடம்பு சூடானது. யுவஸ்ரீ பெயர் படிக்கும்போது ஆகுமே, அதே சூடு. யாரோ ஒருவர் தன்னைப் பார்த்துவிட்டார். அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. பார்த்துவிட்டுத்தான் இப்படிப் போட்டிருக்கிறார். அந்த முதல் நொடி இல்லாமலிருந்தால் இரண்டாவது அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. இதை எந்தச் சட்டத்தில் எந்த வரியில் எழுதுவார்கள்? அவளுக்குத் தெரியவில்லை.

“தெரியலீங்க,” என்றாள். “யாரோ பாத்துட்டாங்கன்னு இருந்துச்சு. அப்பறம், பாத்துட்டுமா இப்படின்னு இருந்துச்சு.”

“மைதிலிக்கா, நெட்டு போச்சா? கமெண்டெல்லாம் ஆர்ட்டில்லாம அப்படியே போவுது,” என்று வெளிச்சத்திலிருந்து யுவஸ்ரீ கேட்டாள். கேமராவைப் பார்த்த சிரிப்பு அப்படியே இருந்தது. உதடு மட்டும் இந்தப் பக்கம் பேசியது.

மைதிலி என்கிற அந்தப் பெண் பலகையின் பக்கம் திரும்பினாள். விரலைத் தூக்கினாள். ஆனால் அது பழைய வேகத்தில் விழவில்லை. ஒவ்வொன்றாகப் படித்தாள். “இவியளுக்குத் தஞ்சாவூரு, மழையாம்,” என்று முணுமுணுத்துவிட்டு ஒன்று போட்டாள். “இவிய மவளுக்கு வளைகாப்பாம்.” ஒன்று போட்டாள். “இது என்னுங்க, சும்மா ஒரு புள்ளி மட்டும் வெச்சிருக்காங்க?” என்று தனப்பிரியாவிடம் காட்டினாள். “புள்ளி மட்டும் ஏனுங்க வெக்கறாங்க? எதாச்சும் சொல்ல வந்துட்டுச் சொல்லாமப் போறாங்களா?” அந்தப் புள்ளிக்கு இதயம் போடுவதா வேண்டாமா என்று விரல் அந்தரத்தில் நின்றது. அதற்குள் ஒரு திரை நிறையக் கருத்துகள் ஓடி மறைந்தன. அவற்றின் பின்னால் விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். பிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் தனப்பிரியாவின் செல்போன் அதிர்ந்தது. வக்கீல். அவளுடைய செல்போன் ஒருமுறை கோழிகளின் தண்ணீர்க் குழாயடியில் விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் கேட்கும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கட்டின் பக்கம் ஒதுங்கினாள். ஆனால் ஒதுங்க அங்கே இடமில்லை. சேலைக் கட்டுகள்தான் இருந்தன.

“யோசிச்சியாம்மா?” என்றார் வக்கீல்.

“யோசிச்சங்க. ஒண்ணு கேக்கட்டுங்களா? படிச்சுப் பாக்காம போட்டிருந்தா அது குத்தங்களா?”

மறுமுனையில் தும்மல் சத்தம் கேட்டது. “நாமக்கல்லுல பொறந்துட்டு இதைக் கேக்கறியே? லாரிக்காரன் ரோட்டைப் பாக்காம ஓட்டிட்டு, நான் வேணும்னு ஏத்தலைன்னு சொன்னா, சரின்னு உட்டுருவமா?”

தனப்பிரியா அதை யோசித்தாள். ரோட்டோரம் பிறந்து வளர்ந்தவள். “உட முடியாதுங்க,” என்றாள்.

“உட முடியாதில்ல? தண்டனை எவ்வளவுங்கறது வேற விஷயம். அதை நீதிபதி பாத்துக்குவாரு. ஆனா இதுவும் ஒரு தள்ளுதான்னு எழுதி வெக்கலைன்னா, நாளைக்கும் எவனும் படிச்சுப் பாக்க மாட்டான்.” வக்கீல் குரல் இறங்கியது. “அந்த வாழப்பாடி அம்மா இன்னிக்கும் வந்திருக்காங்க. உனக்காக இல்லைன்னாலும் அவங்களுக்காக யோசிச்சுப் பாரு. சரி, அன்னிக்குக் கேட்டியே, யாரு போட்டாங்கன்னு. கேட்டுப் பாத்தியா யாரையாச்சும்?”

தனப்பிரியா திரும்பினாள். மைதிலி பலகையைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தனப்பிரியாவுக்கு நன்றாகப் பழகிய வார்த்தை. இத்தனை நாட்களாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிவந்தாள். ஆனால் இப்போது தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி ஆரம்பித்தால், மறுபடியும் அந்தச் சுவருக்குள்ளேயே போய்விடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. தெரியும் என்றாலோ, தாரமங்கலத்திலிருந்து வந்த ஒருத்தி இந்த மூலையையும் இழந்துவிட்டு, சாவி கொடுத்த மாமியாரிடம் திரும்பிப் போக வேண்டும். போலீஸ் வீட்டு வாசலுக்கு வரும். இரண்டுமே அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“தெரிஞ்சுதுங்க,” என்றாள். “பக்கத்துலதான் இருக்காங்க.”

செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை விழும் சத்தம் செல்போன் வழியாக வந்தது.

“இளம்பிள்ளைக்கே போயிட்டியா?” என்றார் வக்கீல். “பேரு என்னம்மா?”

மைதிலி எழுந்தாள். பலகையில் ஒரு செல்போன் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்து ரப்பர் பேண்டை இழுத்துச் சரி செய்தாள். நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த சோற்றுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தனப்பிரியாவைக் கடக்கும்போது சேலைக் கட்டுகளுக்கு நடுவில் இடம் போதாமல் இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தில் என்ன இருந்தது என்று தனப்பிரியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. சற்று முன்புவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள். படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே சௌந்திரம், இந்த விலைக்கு நான் இதுல ரெண்டு எடுப்பேன் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மாடி, இருக்கியா? பேரு கேட்டேன்,” என்றது செல்போன்.

தனப்பிரியா ஜன்னலுக்குப் போனாள். தெருவில் நடு மதிய வெயில். எதிர்ப்பக்கக் கடைகளின் தகரக் கூரைகள் வரிசையாக நிழல் போட்டிருந்தன. நடந்து போகிற எல்லோரும் அந்த நிழலுக்குள் ஒண்டித்தான் போனார்கள். மைதிலி மட்டும், சேலைப் பொதி ஏற்றிய ஆட்டோவுக்கு ஒதுங்கி நின்றுவிட்டு, மறுபடியும் நடுத்தெரு வெயிலிலேயே, தலையில் முந்தானைகூடப் போடாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.